கண்டும் விலகிச் சென்றார்

உயிர்ப்புப் பெருவிழாவின் அல்லேலூயா ஓய்ந்து, பள்ளித் தேர்வுகளும் முடிந்துவிட்டால் நம் ஊர்களில் இன்னொரு பருவம் தொடங்குகிறது. அது சுற்றுலாப் பருவம். களமருதூர்ப் பக்கத்திலிருந்தும், உளுந்தூர்ப்பேட்டை, கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் வட்டாரங்களிலிருந்தும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வேன் அமர்த்திக்கொண்டு புறப்படுகின்றன. வண்டியின் முகப்பில் பூமாலை. கண்ணாடியில் அன்னை மரியாவின் படம். பக்கவாட்டில் 'திருயாத்திரை' என்று எழுதிய துணிப் பதாகை. இரவெல்லாம் ஓடும் வண்டி விடியற்காலையில் பாம்பன் பாலத்தில் ஏறுகிறது. அன்று மாலையே தீவைவிட்டு இறங்கிவிடுகிறது. ஒரே பகலில் இராமேசுவரம் தீவு 'முடிந்து' விடுகிறது.

"சுற்றுலா போவதும் பாவமா சாமி?" என்று நம் மக்கள் கேட்கக்கூடும். இல்லை. ஆண்டு முழுவதும் கரும்புக் காட்டிலும் நெல் வயலிலும் உழைத்தவர்களுக்கும், கேரளத்துக் கட்டடங்களில் சித்தாள் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கும் ஓய்வு இறைவன் தந்த உரிமை. ஏழாம் நாளை ஓய்வுநாளாக்கியவர் அவரே. பணி முடித்துக் களைத்து வந்த சீடர்களைத் தனிமையான இடத்துக்கு வந்து சற்று இளைப்பாறுமாறு அழைத்தவர் நம் ஆண்டவர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடும், பயணம் மனிதரின் பண்பை உயர்த்தி ஒருவரையொருவர் அறிந்துகொள்ளச் செய்யும் என்று ஓய்வையும் பயணத்தையும் ஏற்றுப் பேசுகிறது. ஆகவே நம் மக்கள் கடலைக் காணட்டும். பிள்ளைகள் அலையில் கால் நனைக்கட்டும். அதை மறுக்க நமக்கு உரிமை இல்லை, விருப்பமும் இல்லை.

நாம் மறுப்பது வேறொன்றை. ஒரு தீவுக்குப் போய் அங்குள்ள மணலையும் பாலத்தையும் இடிபாட்டையும் பார்த்துவிட்டு, அங்கு வாழும் மனிதரில் ஒருவரைக்கூடக் காணாமல் திரும்பி வருகிறோமே, அதை மறுக்கிறோம். அப்படித் திரும்பியதற்குத் 'திருயாத்திரை' என்று பெயரும் சூட்டுகிறோமே, அதை அதைவிட வன்மையாக மறுக்கிறோம்.

ஒரு மணி நேரத் தனுஷ்கோடி

இத்தகைய பயணங்களுக்கென அச்சிடப்படும் துண்டறிக்கைகளைப் பாருங்கள். பாம்பன் பாலம் கால் மணி நேரம். அப்துல் கலாம் நினைவிடம் அரை மணி நேரம். தனுஷ்கோடி ஒரு மணி நேரம். பிறகு மதிய உணவு. சங்கு, பாசி வாங்கக் கடைத்தெரு. இடையில் ஏதாவது ஓர் ஆலயத்தில் ஐந்து நிமிடச் செபம். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் முழுப் பயணமும் திருயாத்திரை ஆகிறது.

அந்த ஒரு மணி நேரத் தனுஷ்கோடி எது என்று நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1914-இல் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையிலிருந்து வரும் போட் மெயில் வண்டி இத்தீவைக் கடந்து தனுஷ்கோடித் துறை வரை சென்றது. அங்கிருந்து கப்பலில் ஏறினால், ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் தலைமன்னார். தொடர்வண்டி நிலையம், அஞ்சலகம், சுங்க அலுவலகம், பள்ளி, ஆலயம் எனப் பல தொழிலாரும் பல சமயத்தாரும் கூடி வாழ்ந்த துறைமுக ஊர் அது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கப்பட்ட காலத்தில் திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்தும், நம் பகுதி அன்று சேர்ந்திருந்த தென்னார்க்காட்டிலிருந்தும் மூட்டை முடிச்சுகளோடு சென்ற ஏழைகளுள் எத்தனையோ பேர் மண்டபம் முகாமில் சோதிக்கப்பட்டு இவ்வழியே கடல் கடந்தனர். அவர்களில் நம் பாட்டனாரின் உடன்பிறப்புகள் இருந்திருக்கலாம். நாம் வேடிக்கை பார்க்கப் போகும் அந்த மணல், நம்மவரும் கண்ணீரோடு நடந்து போன மணல்.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்றே நாள்கள் இருந்தன. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பயணிகள் வண்டி, ஊரை நெருங்கும் வேளையில் புயல் எழுப்பிய பேரலையில் சிக்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் எவரும் மீளவில்லை. விடிந்தபோது ஊர் இல்லை. அப்புயலில் மாண்டோர் ஏறத்தாழ 1,800 பேர் என்பர். பின்னர் அரசு அவ்வூரை மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது. பாம்பன் இரயில் பாலத்தை இரண்டு மாதத்துக்குள் சீர்செய்துவிட்டார்கள். தனுஷ்கோடி எழவே இல்லை.

பவளப் பாறைக் கற்களால் எழுப்பப்பட்ட ஆலயத்தின் சுவர்கள் மட்டும் கூரையின்றி நிற்கின்றன. பலிபீடம் இருந்த இடம் இன்னும் அடையாளம் தெரிகிறது. அங்கே திருப்பலி நிறைவேறியது. அங்கே குழந்தைகள் திருமுழுக்குப் பெற்றார்கள். அங்கே மண ஓலை வாசிக்கப்பட்டது. இன்று அங்கே நடப்பது என்ன? சுவரில் ஏறி நின்று செல்பேசியில் தம்மையே படம் பிடிக்கிறார்கள். பவளக் கல்லில் ஆணியால் பெயரைக் கீறுகிறார்கள். திருமணத்துக்கு முன் எடுக்கும் படங்களுக்கு அந்த இடிபாடு பின்திரையாகிறது. மற்றவர்களுக்கு அது பழைய கட்டடம்; பலிபீடம் இன்னதென்று அறிந்த நமக்குமா? 'திருயாத்திரை' வேனிலிருந்து இறங்கும் நம் பிள்ளைகள் அதே சுவரில் ஏறும்போது, "இறங்கு தம்பி, இது கோயில்" என்று சொல்ல ஒரு தந்தைக்கோ தாய்க்கோ வாய் எழவில்லையே! கல்லறைத் திருநாளில் நம் ஊர்க் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து மெழுகுதிரி ஏற்றும் நாம், 1,800 பேரின் கல்லறையில் அமர்ந்து சிப்ஸ் தின்கிறோம்.

உயிரோடு இருப்பவர்கள்

இறந்தோரைவிட நம் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடுகிறவர்கள் அங்கு உயிரோடு இருப்பவர்கள். வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்ட அந்த மணலுக்கே மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்தன. கடலைவிட்டால் அவர்களுக்கு வேறு நிலம் ஏது? பனையோலைக் குடிசைகளில், மின்னிணைப்பின்றி, மணலைக் கையால் தோண்டி ஊறும் நல்ல நீரை மொண்டு நெடுங்காலம் வாழ்ந்தார்கள். 2017-இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஏறத்தாழ ஒன்பதரை கிலோமீட்டர்த் தார்ச்சாலை திறக்கப்பட்டது. சாலை வந்தது, ஆயிரக்கணக்கில் வண்டிகள் வந்தன. கரையில் வலை உலர்த்திய இடத்தில் வண்டி நிறுத்தினார்கள்.

நாம் போகும் காலத்தையும் எண்ணிப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் மீன்கள் முட்டையிடும் பருவம் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. நம் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை விடும் அதே நாள்களில் அத்தீவின் பல்லாயிரம் தொழிலாளர் கூலியின்றிக் கரையில் இருக்கிறார்கள். நாட்டுப்படகுக்காரர் மட்டும் கடலுக்குப் போகிறார்கள். அந்த நாளில்தான் நாம் சங்கு விற்கும் சிறுமியிடம், "பத்து ரூபாய் குறைத்துக் கொடு, இல்லாவிட்டால் வேண்டாம்" என்று பேரம் பேசுகிறோம். பேரத்தில் வென்றதை வேனுக்குள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அவள் அப்பா ஏன் கடலுக்குப் போகவில்லை என்று கேட்டவர் உண்டா? அவள் அண்ணன் இலங்கைச் சிறையில் இருக்கிறானா என்று கேட்டவர் உண்டா?

அரிச்சல்முனைக்கு அப்பால் தெரியும் மணல்திட்டுகளைக் காட்டி, "அங்கே போக முடியுமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அத்திட்டுகளில்தான் இலங்கைப் போரின் காலமெல்லாம் படகோட்டிகள் தமிழ் அகதிகளை நள்ளிரவில் இறக்கிவிட்டுச் சென்றார்கள். 2022 மார்ச்சில், அந்நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோதும், கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் அத்திட்டுகளில் ஒன்றில் உணவும் நீருமின்றித் தவித்து, நம் கடலோரக் காவல்படையால் மீட்கப்பட்டு மண்டபம் முகாமுக்குக் கொண்டுவரப்பட்டது. நமக்கு அது அழகிய காட்சி. அவர்களுக்கு அது சாவுக்கும் வாழ்வுக்கும் நடுவே கிடந்த மணல்.

மூவரும் கண்டார்கள்

நல்ல சமாரியர் உவமையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதில் ஒரு நுட்பத்தைப் பலர் கவனிப்பதில்லை. அடிபட்டுக் கிடந்தவரைக் குரு கண்டார், லேவியர் கண்டார், சமாரியரும் கண்டார். பார்வையில் மூவருக்கும் குறைவில்லை. முதல் இருவரும் கண்டு விலகிச் சென்றார்கள். மூன்றாமவர் கண்டு அருகே சென்றார். அந்த இரண்டு மூன்று அடித் தொலைவில்தான் ஆண்டவர் நிலைவாழ்வை வைத்தார்.

இக்காலச் சுற்றுலா நம்மைக் குருவாகவும் லேவியராகவும் ஆக்குகிறது என்பதே நம் குற்றச்சாட்டு. அவர்களாவது வேறு வேலையாகப் போனவர்கள். நாமோ பார்ப்பதற்கென்றே பணம் கட்டிப் போய்ப் பார்த்துவிட்டு விலகி வருகிறோம். இந்தக் கண் பழகிவிட்டால் அது எங்கும் நிற்பதில்லை. பணம் கூடியவர்கள் அந்தமானுக்குப் பறக்கிறார்கள். அங்கே ஜாரவா பழங்குடியினரின் காட்டை ஊடுருவிச் செல்லும் நெடுஞ்சாலையை அப்பகுதியில் மூடுமாறு உச்சநீதிமன்றம் 2002-இல் உத்தரவிட்டது. அதன் பின்னும் சுற்றுலா வண்டிகள் அணி அணியாகச் சென்றன. 2012-இல் வெளியான ஒரு படக்காட்சி, உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொன்னதை உலகுக்குக் காட்டியது. தனுஷ்கோடியில் சங்கு விற்கும் சிறுமியைக் காணாத கண்ணுக்கும் அந்தக் கண்ணுக்கும் தொலைவு அதிகமா?

சில மறுப்புரைகள்

நாம் சொல்வதற்கு மறுமொழி உண்டென்று அறிவோம். "நாங்கள் போவதால்தானே அத்தீவு பிழைக்கிறது? ஆட்டோக்காரரும் கடைக்காரரும் எங்களால்தானே உண்கிறார்கள்?" என்பார்கள். ஓரளவு உண்மை. ஆயின் இங்கிருந்தே அரிசியும் பருப்பும் அடுப்பும் ஏற்றிச் சென்று, சாலையோரம் சமைத்து உண்டு, இலையையும் நெகிழிக் குவளையையும் கடலுக்கே விட்டுவிட்டு வருகிறவர் அத்தீவுக்குத் தந்தது என்ன? விடுதியில் தங்குகிறவரின் பணமும் பெரும்பாலும் விடுதி முதலாளியைச் சேர்கிறது; வலை இழுப்பவரின் குடிசைக்கு எட்டுவது சொற்பம். பணம் கொடுத்ததாலேயே ஒருவர் மற்றவர்க்கு அயலார் ஆகிவிடுவதில்லை. சமாரியர் சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் தந்தது உண்மை. அதற்கு முன் காயத்தைத் தம் கையால் கட்டியிருந்தார்.

இன்னொரு சாரார், "ஆண்டுக்கொரு நாள் ஏழை சிரிக்கிறான்; அதையும் குருக்கள் கெடுக்க வேண்டுமா?" என்று கேட்பார்கள். இதற்கு மதிப்போடு விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். ஏழையின் சிரிப்பு நமக்குப் புனிதமானது. ஆனால் அந்தச் சிரிப்பு வேறோர் ஏழையின் முற்றத்தில் அவரைக் காணாததுபோல் சிரிக்கப்படுமானால், அது சிரிப்பவரையும் சிறுமைப்படுத்துகிறது. வட்டிக்குக் கடன் வாங்கி ஒரே நாளில் ஏழு இடங்களை ஓடி ஓடிப் பார்த்து, கழுத்து வலியோடு திரும்பும் பயணம் ஓய்வும் ஆகாது. திங்கட்கிழமை காலையில் வயலுக்குப் போகிறவரைக் கேட்டுப் பாருங்கள். இளைப்பாறினேன் என்று சொல்பவர் அரியர்.

"மற்றவர்களும் அப்படித்தானே செய்கிறார்கள்?" என்பது மூன்றாவது மறுப்பு. எல்லாரும் அப்படிச் செய்வதில்லை. காசியிலிருந்து வரும் இந்துப் பெருமக்களைப் பாருங்கள். சேதுவில் நீராடி, மணல் எடுத்துச் சென்று கங்கையில் இட்டு, கங்கை நீர் கொணர்ந்து இராமேசுவரத்தில் சேர்ப்பிக்கும் மரபு அவர்களுக்கு உண்டு. அம்மரபை முழுமையாய்க் கைக்கொள்பவருக்கு இத்தீவு ஒரு நாள் வேடிக்கை அன்று, வாழ்நாள் நேர்ச்சை. அவர்கள் நமக்குக் கற்பிக்கட்டும்.

அக்கடலின் இரு சாட்சிகள்

நம் மறையிலும் சான்று இல்லாமல் இல்லை. மண்டபத்துக்குச் சற்று முன்னே வேதாளை என்னும் கடற்கரைச் சிற்றூர் இருக்கிறது. வேன்கள் அதைப் பெயர்ப்பலகைகூடப் படிக்காமல் கடந்துவிடுகின்றன. 1549-இல் அங்கிருந்த போர்த்துக்கீசியத் தளபதி இராமேசுவர யாத்திரிகரை வழிமறித்து வரி கேட்டதால் சினம் மூண்டு, படை திரண்டு வந்தது. அப்போது இயேசு சபைக் குரு அந்தோணியோ கிரிமினாலி, பெண்களையும் குழந்தைகளையும் படகுகளில் ஏற்றி அனுப்பிக்கொண்டே கரையில் நின்று, ஈட்டியால் குத்துண்டு இறந்தார். இயேசு சபையின் முதல் மறைச்சாட்சி அவரே. ஒரே கரையில் ஒரே நாளில் கிறிஸ்தவர் என்று பெயர் கொண்ட இருவர்: ஒருவர் அவ்வழியே போனவர்களிடம் காசை மட்டும் கண்டார், மற்றவர் கரையின் மக்களைக் கண்டு, அவர்களோடு நின்று இறந்தார். நாம் யாருடைய வழித்தோன்றல்?

கச்சத்தீவு மற்றொரு சான்று. குடிநீர் இல்லாத, மக்கள் வாழாத அந்தத் தீவில் புனித அந்தோணியாரின் சிற்றாலயம் உண்டு. 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தீவு இலங்கைக்குச் சென்றது. ஆனாலும் தவக்காலத்தை ஒட்டி, போர் தடுத்த ஆண்டுகள் நீங்கலாக, இரு கரை மக்களும் படகேறி அங்கே கூடுகிறார்கள். அங்கே பார்க்க என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. சந்திக்க மனிதர் இருக்கிறார்கள். இந்தக் கரையின் மீனவரும் யாழ்ப்பாணக் கரையின் மீனவரும், கடலில் ஒருவர் வலையை ஒருவர் அறுத்ததாகக் குறைப்படுகிறவர்களே, ஒரே சிலுவைப் பாதையில் முழந்தாளிடுகிறார்கள். 2024 பிப்ரவரியில், இலங்கை நீதிமன்றங்கள் தம் தோழருக்குச் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்து இராமேசுவர மீனவர்கள் அத்திருவிழாவையே புறக்கணித்தார்கள். அந்த வேதனையையும் சேர்த்துத்தான் அது திருயாத்திரை. அங்கு போவதும் போக மறுப்பதும் அவர்களுக்கு வாழ்வோடு ஒட்டிய செயல்.

நம் மலையைப் பார்க்க வருகிறவர்கள்

இவை கடலோரத்துக் கதை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. நமக்கு மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. விடுமுறை நாள்களில் மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் சமவெளியிலிருந்து இருசக்கர வண்டிகள் ஏறுகின்றன. மாலையில் அவை இறங்கியபின் பாறைகளில் மிஞ்சுவது உடைந்த புட்டிகள். வெறுங்காலோடு தண்ணீருக்கு வரும் மலையாளிப் பழங்குடிப் பெண்ணின் பாதத்துக்கு அப்புட்டிச் சில்லுகளைத் தவிர நாம் விட்டு வந்தது யாது? 1976 வரை ஜாகீர்தார்களின் கீழ் கூலியில்லா உழைப்புத் தந்து நைந்த மக்கள் அவர்கள். சாலைக்கும் மருத்துவத்துக்கும் இன்றும் அலைகிறவர்கள் அங்கு உண்டு. அருவிக்குப் போனவர் எத்தனை பேர்க்கு ஓர் ஊரின் பெயராவது தெரியும்?

பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்பதை நாமும் அறிவோம். 2024 ஜூனில் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, கள்ளக்குறிச்சி என்ற பெயர் நாடெங்கும் காட்சியானது. ஒளிப்படக் கருவிகள் தெருவுக்குத் தெரு நின்றன; சில வாரங்களில் போய்விட்டன. நம்மைக் கண்டவர் பலர். அருகே வந்து இருந்தவர் சிலர். அன்று அந்தச் சிலரின் கையைப் பற்றிக்கொண்டு அழுத விதவைகள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். பார்வைக்கும் அருகிருப்புக்கும் உள்ள வேற்றுமையை அவர்களைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

செய்யத் தக்கவை

குறை சொல்லிவிட்டு நிறுத்துவது முறையன்று. வழியும் சொல்வோம். திருத்தந்தையின் பேரவை 2001-இல் சுற்றுலா அருள்பணிக்கென வழிகாட்டும் ஏடு ஒன்றை வெளியிட்டது. அது நம் பங்குகளில் பேசப்படவே இல்லை. இனியாவது பேசப்படட்டும்.

முதலாவது, வெறும் சுற்றுலாவைச் சுற்றுலா என்றே அழைப்போம். பதாகையில் பொய் எழுத வேண்டாம். திருயாத்திரை என்றால் அதற்குரிய ஆயத்தமும் செபமும் ஒறுத்தலும் இருக்கட்டும். இரண்டாவது, ஏழு இடங்களை ஒன்றாக்குவோம். ஒரு நாளில் தீவை முடிப்பதற்கு மாறாக, சனிக்கிழமை சென்று தங்கி, ஞாயிறு திருப்பலியை அத்தீவின் மீனவப் பங்கு ஒன்றில் அம்மக்களோடு நிறைவேற்றுவோம். பங்குத்தந்தை அவ்வூர்ப் பங்குத்தந்தைக்கு முன்கூட்டியே மடல் எழுதினால் போதும். இரு பங்குப் பேரவையினரும் ஒருவேளை உணவைச் சேர்ந்து உண்ணலாம். அங்கே அவர்கள் வீட்டுப் பெண்கள் சமைத்த மீன் குழம்புக்கு உரிய விலை கொடுத்து உண்பது, சாலையோரச் சமையலைவிட நமக்கும் சுவை, அவர்களுக்கும் வருவாய். மூன்றாவது, தனுஷ்கோடி ஆலயச் சுவர்களுக்குள் நுழையும்போது செருப்பையும் செல்பேசியையும் வெளியே விட்டுவிட்டு, 1964-இல் மாண்டோர்க்காக ஒரு கர்த்தர் கற்பித்த செபமாவது சொல்வோம். டிசம்பர் 22-ஆம் நாள் நம் பங்குத் திருப்பலிக் கருத்துகளில் அவர்களும் இடம் பெறட்டும். நான்காவது, கொண்டு சென்ற குப்பையைக் கொண்டே வருவோம். அரிச்சல்முனைக்கும் மேகம் அருவிக்கும் இது ஒன்றே சட்டம்.

அடுத்த கோடைக்கு வேன் அமர்த்த முன்பணம் கொடுக்கும் முன் இக்கருத்துகளைப் பங்குப் பேரவைகளும் அன்பியங்களும் ஒருமுறை கூடிப் பேச வேண்டும் என்று வேண்டுகிறோம். உடன்படாதோர் தம் மறுப்பை இவ்விதழுக்கே எழுதட்டும். ஆனால் எழுதுமுன், கடைசியாகச் சென்ற தீவிலோ மலையிலோ தாம் சந்தித்த ஒரே ஒரு மனிதரின் பெயரை நினைவிலிருந்து சொல்லிப் பார்க்கட்டும்.